எட்டாம் நம்பர் மலையில் படக்கார நானா

அவருடைய முழங்கால்கள் எப்போதும் ஈரமாகவே இருக்கும். வெள்ளைச் சாரத்தில் முழங்கால் படுகிற இடத்தில் வட்ட வட்டமாக இரண்டு சேற்றுக் கறை. மேலே கறுப்புக் கோட்டு, தலையில் குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி. கண்டி டவுனில், காசல் வீதியில், படம் பிடிக்கிற கடை வைத்திருந்தார். கலியாணப் பெண்ணையும் மாப்பிள்ளையையும், சில சமயம் கட்டிலில் கிடத்திய பிரேதத்தையும், நின்றபடியே எடுத்துக் கொடுத்துவிடுவார். மழை விட்டதும் கடையைப் பூட்டிக்கொண்டு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வந்து, பூவுக்கும் பூச்சிக்கும் முன்னால் முழங்காலில் நிற்பார். பெரிய தொரையின் துரைசாணிக்குப் பூப் படங்கள் பிடிக்கும் என்பதால் தோட்டத்துக்குள் அவரை யாரும் தடுக்கவில்லை. சனங்கள் ‘படக்கார நானா’ என்று கூப்பிட்டார்கள்; நானா என்றால் முஸ்லிம்களுக்கு அண்ணன். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியும். நான் எழுதப்போகும் விஷயத்துக்குள் அதை இழுக்க மனம் வரவில்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை, ஒரு விறாந்தை, நாலு கட்டில், மருந்து கலக்கிக் கொடுக்க யாழ்ப்பாணத்து டிஸ்பென்சர் ஐயா ஒருவர். நானும் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவள்தான். கன்னிமார் மடத்தில் சேர்த்துப் படிக்க வைத்ததால் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். இருபத்தாறு வயது, கலியாணம் ஆகவில்லை. வாரத்தில் மூன்று நாள் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயங்களுக்கு நடந்தே போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கவேண்டும். அவரும் அந்தப் பாதையில்தான் ஏறுவார். இப்படித்தான் பழக்கம்.

முதல் தடவை அவரைக் கண்டபோது செத்துக் கிடக்கிறார் என்று நினைத்தேன். நாலு நாள் விடாமல் பெய்த மழை அன்று காலையில்தான் வெறித்திருந்தது. மாணாப் புல்லெல்லாம் பாதையில் சாய்ந்து கிடந்தது. மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் ஒரு ஆள் குப்புறக் கிடக்கிறார். துருக்கித் தொப்பி பக்கத்துத் தேயிலைச் செடியின் தலையில் இருக்கிறது. கழுத்தில் நாலைந்து அட்டைகள் ரத்தம் குடித்துப் பருத்துத் தொங்குகின்றன.

“ஐயா! கழுத்துல அட்டை!” என்று கத்தினேன்.

“பேசாதீங்கொ தங்கச்சி. பொம்பள சாப்பிடுறா.”

அவர் முகத்துக்கு முன்னால் ஒரு கிளையில் கும்பிடுபூச்சி. பெண். அதன் முதுகில் ஆண் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆணுக்குத் தலை இல்லை. பெண் திரும்பி அதன் தோளைக் கடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைப்பேற்று ரத்தத்தில் தினமும் கை நனைக்கிற எனக்கே பொறுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த சுள்ளியை எடுத்து இரண்டையும் பிரிக்கப் போனேன். என் மணிக்கட்டை ஒரே பிடியாகப் பிடித்தார். இரண்டு நாள் அந்தத் தடம் சிவந்து கிடந்தது.

“அதுட வாயில இருந்து பறிக்க நாம யாரு?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு எனக்குச் சொன்னாரோ தனக்குச் சொன்னாரோ, “இன்னும் கொஞ்சம் கிட்ட” என்று முனகிக்கொண்டு காமிராவின் கால்களைச் சேற்றில் அழுத்தி நகர்த்தினார்.

அந்த மூன்று சொல்லும் அவர் வாயில் இடைவிடாமல் இருக்கும். காட்டுக் காசித்தும்பை பூத்திருந்தால் அதன் இதழில் நிற்கிற ஒரு துளித் தண்ணீருக்காக மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார். காற்று அடித்தால் தன் உடம்பால் மறைப்பார். ஊதா நிறத்துப் பினரப் பூவுக்கு முன்னால் அரை நாள் கிடந்திருக்கிறார். பூவில் தேன் குடிக்க வந்த வண்ணத்துப்பூச்சியை இதழோடு இதழாக ஒளிந்திருந்த வெள்ளைச் சிலந்தி பிடித்த கணம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அவருடைய கடையில் முன் சுவரில் கலியாணப் படங்கள் தொங்கும். உள் சுவரில் மண்புழுவை உயிரோடு பிய்த்து இழுக்கிற எறும்புகள், புழுவின் முதுகைத் துளைத்து முட்டை வைக்கிற குளவி, கும்பிடுபூச்சி. படம் எடுக்க வந்த பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பூச்சியோடு நின்றிருந்தால் சரி. மனிதரிடமும் அவர் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை பஞ்சும் துணியும் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். மார்க்கட்டுக்கு முன்னால் இரண்டு வண்டிக்காரர்கள் கத்தியோடு நின்றார்கள். என்ன சண்டையோ, ஒருவன் காதிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. சனமெல்லாம் பின்னால் ஓடுகிறது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு சிவப்புத் தொப்பி மட்டும் முன்னால் போகிறது. இரண்டு பேருக்கும் நடுவில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போய் நின்று, ஒருவன் முகத்தைப் பார்த்தார், அடுத்தவன் முகத்தைப் பார்த்தார். வீசிய கத்தி அவர் தோளைக் கோட்டோடு கிழித்தது. அவர் விழுந்ததைப் பார்த்துத்தான் இரண்டு பேரும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

“ஏன் நானா கிட்டப் போனீங்க?” என்று காயத்தைக் கட்டிக்கொண்டே கேட்டேன்.

“தூரத்தில ஈந்து பாத்தா ரெண்டு பேர் ஆடுற மாதிரி ஈந்திச்சு. கிட்டப் போன பொறகுதான் ரெண்டு பேரும் அழுறது தெரிஞ்சது.”

அவரை நல்லவர் என்று நினைப்பதா, ஒரு மாதிரியானவர் என்று நினைப்பதா என்று எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. தோட்டத்தில் நடந்த ஒரு விஷயம் அந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டிவிட்டது. எங்கள் பெரியகங்காணி கையில் எப்போதும் பிரம்பு இருக்கும். ஒருநாள் பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் கணக்கு எடுத்து வேலைக்கு அனுப்புகிற அந்த முற்றத்தில், பிந்தி வந்த, தேயிலைச் செடி வெட்டுகிற ஒரு கவ்வாத்துக்காரனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். படக்கார நானா மலைக்குப் போகிற வழியில் அதைக் கண்டார். நேராக வந்து அடி வாங்குகிறவனின் முதுகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். முதுகையே பார்த்தார். பெரியகங்காணி இன்னும் இரண்டு அடி அடித்தார். நானா அசையவில்லை. பிரம்பு அவர் கோட்டில் உரசிக்கொண்டு போயிற்று. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

“என்னாய்யா பாக்குற?”

“பாக்கிறன்” என்றார்.

பெரியகங்காணி பிரம்பை எறிந்துவிட்டுப் போய்விட்டார். நானா அந்த ஆளைக் காப்பாற்றிவிட்டார் என்று லயமெல்லாம் பேச்சு. நானும் மேல்கணக்குப் பாதையில் அதைச் சொல்லி மெச்சினேன். அவர் வேறு எங்கேயோ நினைப்பாக இருந்தார். “தோல் வெடிக்க முந்தி ஒரு கணம் வெள்ளையாகுது தங்கச்சி. கண்டீங்களா?” என்று கேட்டார். நான் அவரை விட்டுவிட்டு முன்னால் நடந்தேன்.

அவரைக் கண்டு கொஞ்சமும் கூசாதவள் பேச்சாயி ஒருத்திதான். எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிறவள். வாய்த்துடுக்கு. அவளுடைய ஒரே பிள்ளையை நான்தான் எடுத்தேன். நான் சொல்லுகிற காலத்தில் பையனுக்கு இரண்டு வயது. புருசன் முனியாண்டி கல் உடைக்கிறவன், காட்டில் தேன் எடுப்பதிலும் கெட்டிக்காரன். கொழுந்துக்கூடையின் கயிறு நெற்றியில் இறுக, கை இரண்டும் செடியில் ஓட, பேச்சாயி அவரைச் சீண்டுவாள்.

“நானா! புழு பூச்சியெல்லாம் படம் புடிக்கிற. எங்க மூஞ்சியெல்லாம் ஒனக்குப் பூச்சியாக்கூடத் தெரியலியா?”

“நீங்க அசையாம நிக்க மாட்டீங்களே.”

“நின்னா கங்காணி விடுவாரா? கங்காணிய மொதல்ல நிக்கச் சொல்லு!”

மலையே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

அந்த நாளைப் பற்றி இனிச் சொல்கிறேன். மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு வெயில் விழுந்திருந்தது. மேல்கணக்கில் ஒரு தலைப்பிரசவம் பார்த்துவிட்டு, காலை பத்து மணிபோல இறங்கி வந்துகொண்டிருந்தேன். எட்டாம் நம்பர் மலைக்கு மேலே முன்பக்கம் சரிந்த பெரிய கல் ஒன்று உண்டு. அதன் அடியில் நானா நின்றுகொண்டிருந்தார். கையால் சைகை காட்டினார்.

கல்லின் வயிற்றில் ஒரு ஆள் நீளத்துக்குக் கூடு. மலைத்தேனீதான். தோட்டத்தில் அதற்கும் குளவி என்றே பேர். மழை ஓய்ந்ததில் தேனீக்கள் கூட்டை மூடிப் போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு காகம் குறுக்கே பறந்தது. உடனே அந்தப் போர்வையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அலை ஓடியது. ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்கிக் காட்டுகின்றன. தண்ணீரில் கல் போட்டதுபோல.

“அந்த அலையத்தான் எடுக்கோணும். ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டு ஈக்கிறன்” என்றார். “கல்லுக்கடியில இருட்டு. பொடி எரிச்சாத்தான் விழும். எனக்கு ரெண்டு கைதான் ஈக்கிது தங்கச்சி.”

பொடி என்றது வெளிச்சத்துக்காக எரிக்கிற மருந்து. தகரத் தட்டில் அதைக் கொட்டி, கீழே உள்ள கைப்பிடியைப் பிடித்து விசையை அமுக்கினால் மின்னல் மாதிரி எரியும். தட்டை என்னிடம் நீட்டினார்.

“கீழ ஆளுக கொழுந்தெடுக்குறாங்க நானா” என்றேன். கீழே பேச்சாயியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஒரே ஒரு படந்தான்.”

நான் வாங்கிக்கொண்டேன். பயமாக இருந்தது உண்மை. ஆனால் எனக்கும் அந்த அலையை இன்னொரு தரம் பார்க்கவேண்டும்போல இருந்தது. அதுவும் உண்மை. அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. “இன்னும் கொஞ்சம் கிட்ட.” ஒரு அடி வைத்தேன். “இன்னும் கொஞ்சம்.” இன்னொரு அடி வைத்தேன். “கண்ண மூடிக்கொண்டு அமுக்குங்கொ.”

அமுக்கினேன்.

மூடிய கண்ணுக்குள்ளும் வெள்ளை வெடித்தது. புகை நாற்றம். ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு கல்லே உறுமுவதுபோல ஒரு இரைச்சல். அவர் கறுப்புத் துணியை இழுத்து என் தலையில் போர்த்தி, கல்லின் பிளவுக்குள் என்னைத் தள்ளினார். “அசைய வாணாம்!” துணிக்கு வெளியே கல்மழை மாதிரி பூச்சிகள் வந்து மோதின. பிறகு இரைச்சல் கீழே இறங்கியது. அதற்கப்புறம்தான் பெண்களின் அலறல்.

துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். கூடைகளை வீசிவிட்டு ஓடுகிறார்கள். சிலர் தலையில் சேலையைச் சுற்றிக்கொண்டு செடிகளுக்கடியில் விழுகிறார்கள். பேச்சாயியின் கூடைக் கயிறு ஒரு அடிக்கட்டையில் மாட்டிக்கொண்டது. அவள் இழுக்கிறாள், வரவில்லை. அவள் தலை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு உருண்டைதான் தெரிந்தது. நானா மேலிருந்து அவளை நோக்கி ஓடினார். தேயிலைச் செடிகளை மிதித்துக்கொண்டு, விழுந்து எழும்பி ஓடினார். கோட்டைக் கழற்றி அவள் முகத்தில் போட்டு அவள் மேலே கவிழ்ந்து படுத்தார். பூச்சிகள் அவர் முதுகையும் பிடரியையும் முகத்தையும் மூடின.

எனக்கு நாலு கொட்டு. நாலே நாலு.

இரைச்சல் அடங்கியதும் நான் குறுக்குப் பாதையில் முந்தி இறங்கிவிட்டேன். பேச்சாயியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தொண்டை வீங்கி அடைத்துவிட்டது. டிஸ்பென்சர் ஐயா கொடுக்குகளைப் பிடுங்கிப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டார். கிண்ணம் நிறைந்தது. பகல் சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்கு முன்னால் அவள் போய்விட்டாள். பேசிக்கொண்டே இருந்த வாய் திறந்தபடி கிடந்தது. நான்தான் துணியால் தாடையைக் கட்டினேன். என் விரலில் அந்தப் பொடியின் கரி இருந்தது. நான் அதைக் கழுவவில்லை. கழுவ வேண்டும் என்றே தோன்றவில்லை.

பக்கத்துக் கட்டிலில் நானா. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. உதடு, காது எல்லாம் ஒரே உருண்டை. அவரும் பிழைக்கமாட்டார் என்று டிஸ்பென்சர் ஐயா நினைத்தார்.

பின்னேரம் ஒரு கொழுந்துக்காரி ஓடி வந்தாள். “நர்சம்மா! முனியாண்டியக் கட்டிப்போட்டு அடிக்கிறாங்க! தேனெடுக்கப் பந்தம் புடிச்சுக் கூட்டக் கலச்சவன் அவந்தானாம். பெரியகங்காணி ஒத்துக்கடாங்கிறாரு!”

கல்லடியில் கரி கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள். அங்கே கிடந்த காமிராவை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, நானா எந்நேரமும் அதோடு திரிகிறவர்தானே. தேன் எடுக்கிறவன் அவன் ஒருவன்தான். அவ்வளவுதான் சாட்சி.

நான் அப்படியே நின்றேன். போய்ச் சொல்லவேண்டும் என்று தெரிந்தது. சொன்னால் வேலை போகும், பேர் போகும், ஒரு ஆம்பிளையோடு மலையில் தனியாக நின்றாள் என்ற பேச்சு மட்டும் என்றைக்கும் நிற்கும் என்பதும் அதே நொடியில் தெரிந்தது.

“தங்கச்சி” என்றார் நானா கட்டிலிலிருந்து. “எனக்குக் கண்ணு தெரியல்ல. என்னக் கூட்டிக்கொண்டு போங்கொ.”

“நீர் எழும்பக்கூடாது. எழும்பினா செத்துப்போவீர்” என்று டிஸ்பென்சர் ஐயா தடுத்தார். நானா காலைக் கீழே வைத்துவிட்டார். என் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்தார். கால் மைல் தூரம். வழியில் இரண்டு தரம் சத்தி எடுத்தார்.

பெரட்டுக்களத்தில் கொட்டகைத் தூணில் முனியாண்டியைப் பின்கை கட்டியிருந்தார்கள். முகம் முழுக்க ரத்தம். அவன் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். “நா கல்லொடச்சுக்கிட்டு இருந்தேங்க. நா கல்லொடச்சுக்கிட்டு இருந்தேங்க.” மனைவியின் பிணத்தைக்கூட அவனை இன்னும் பார்க்க விடவில்லை.

“அவன உடுங்கொ” என்றார் நானா. வீங்கிய வாயிலிருந்து சொல் குழறி வந்தது. “நான்தான். படம் எடுக்கப் பொடி எரிச்சன். கூடு கலஞ்சது அதால.”

எல்லாரும் திரும்பினார்கள். பெரியகங்காணி கிட்ட வந்து அந்த முகத்தைப் பார்த்தார்.

“ஒத்தையாவா இருந்த? கூட ஆரும் இருந்தாங்களா?”

அவருடைய கை என் தோளில்தான் இருந்தது. அது அழுத்தவும் இல்லை, எடுபடவும் இல்லை.

“ஒருத்தருமில்ல. நான் மட்டுந்தான்.”

கட்டை அவிழ்த்தார்கள். முனியாண்டி கொஞ்ச நேரம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பாய்ந்தான். நான் ஒதுங்கினேன். ஆமாம், ஒதுங்கினேன். கண் தெரியாத மனுசனை முதல் குத்திலேயே கீழே சாய்த்து, கல் உடைக்கிற அந்தக் கையால் அடித்தான். நானா முகத்தை மறைக்கவில்லை. பிறகு முனியாண்டி ஒரு விறகுக்கட்டையை எடுத்தான். வலது மணிக்கட்டில் விழுந்த அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பெரியகங்காணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் எட்டாம் நம்பர் கொழுந்துக்காரிகள்தான், வீங்கிய முகங்களோடு, குறுக்கே விழுந்தார்கள். “அவ மேல விழுந்து படுத்த மனுசன்டா! நாங்க பாத்தோம்டா! விடுடா!” முனியாண்டி கட்டையை எறிந்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மண்ணில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

மறுநாள் மரண விசாரணை. நானாவைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் வாக்குமூலத்தை அங்கேயே எழுதி எடுத்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரி விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்த அதிகாரி என்னிடமும் கேட்டார், அந்த நேரம் எங்கே இருந்தாய் என்று. மேல்கணக்கில் பிரசவம் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தேன் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தற்செயலான மரணம் என்று எழுதிக்கொண்டு போனார். நானா தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று பெரிய தொரை உத்தரவு போட்டார்.

மூன்று மாதம் அவரைப் பார்க்கப் போகவில்லை. ராத்தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. பூசைக்குப் போனால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிடப் பயந்துகொண்டு பின்வரிசை வாங்கில் இருந்துவிட்டு வருவேன். பிறகு ஒரு பகல் காசல் வீதிக்குப் போனேன். கடை திறந்திருந்தது. அவருடைய இடது கண் போய்விட்டது, கொடுக்கு கருவிழியிலேயே குத்தியிருக்கிறது. வலது கை ஒருபக்கம் கோணிக்கொண்டு கட்டையாக இருந்தது. உள் சுவரில் படங்கள் எல்லாம் அப்படியே தொங்கின. அவற்றை அவர் கழற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

“ஏன் நானா எம் பேரச் சொல்லல?” என்று நின்றபடியே கேட்டேன்.

“கமரா என்ட. பொடி என்ட. கிட்டப் போங்கொ எண்டு சொன்ன வாயும் என்ட.”

“விசைய அமுக்குன வெரலு?”

அவர் ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது ஒங்கட” என்றார். “அத நான் எடுத்துக்கொள்ள ஏலாது தங்கச்சி. எடுக்கப் பாத்தன். ஏலல்ல.”

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, “முனியாண்டிக்கிட்டச் சொல்லப் போறேன்” என்றேன். கடைக்குள் வரும்வரை எனக்கு அந்த எண்ணம் இல்லை.

“அடிப்பான்.”

“தெரியும்.”

கதவுப் பலகைகளை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கினார். “பொறுங்கொ. நானும் வாறன்.”

“தொரை ஒங்கள உள்ள விடக்கூடாதுன்னு…”

“வாறன்.”

அன்றும் காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வழியெல்லாம் கான் ஓரத்தில் பூ. அவர் எதற்கும் நிற்கவில்லை. முனியாண்டியின் லயக் காம்பராவுக்கு வந்தபோது அவன் வாசலில் குந்திக்கொண்டு சும்மா இருந்தான். வேலைக்குப் போயிருக்கவில்லை. நானாவைக் கண்டதும் எழுந்தான். நான் முன்னால் போனேன்.

“முனியாண்டி, அன்னிக்கு நானும் அங்க இருந்தேன். பொடித் தட்டப் புடிச்சது நானு. பத்த வச்சதும் நானுதான். பேச்சாயி கீழ நிக்கிறான்னு தெரிஞ்சுதான் பத்த வச்சேன்.”

அவனுக்கு விளங்க நேரம் பிடித்தது. பிறகு அறைந்தான். ஒரே ஒரு அறை. நான் லயத்துக் கானுக்குள் போய் விழுந்தேன். இடது காதுக்குள் ஏதோ கிழிந்தது. அந்தக் காது இன்றுவரை கேட்காது. நானா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை, அவனைத் தடுக்கவும் இல்லை. அதற்காக அன்று அவரை வெறுத்தேன். பிறகு வெறுக்கவில்லை.

எழுந்து நின்றேன். இன்னொன்று வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது முனியாண்டி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நர்சம்மா” என்றான். மற்றக் காதில்தான் கேட்டது. “மவன் உள்ள காச்சல்ல கெடக்கான். ரெண்டு நாளாக் கண்ணத் தெறக்கல. பாத்துட்டுப் போங்க.”

பேச்சாயி போனதிலிருந்து அவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. உள்ளே குனிந்து போனேன். சாக்கில் கிடந்த பையனின் உடம்பு கொதித்தது. நாக்கு வறண்டு வெள்ளையாக இருந்தது. மார்பில் காதை வைத்தேன், கேட்காத காதை. திரும்ப மற்றக் காதை வைத்தேன். சளி இரைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் மருந்து எடுத்து வரவேண்டும். பிள்ளையை இப்படியே விட்டுப் போகவும் பயம்.

கதவை மறைத்துக்கொண்டு ஒரு உருவம் குனிந்தது. யாரும் வா என்று சொல்லாமலே நானா உள்ளே வந்தார். பையன் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்தார்.

“நீங்க போய் மருந்த எடுத்துக்கொண்டு வாங்கொ. நான் இவன்ட பக்கத்தில ஈக்கிறன்.”

முனியாண்டி கதவு நிலையிலிருந்து ஒதுங்கி எனக்கு வழி விட்டான்.

சேலையெல்லாம் சேறாக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டிஸ்பென்சர் ஐயா என் முகத்தில் பதிந்திருந்த ஐந்து விரலையும் பார்த்தார். மருந்தைக் கலந்து போத்தலில் ஊற்றித் தந்தார். திரும்பி வந்தபோது காம்பராவுக்குள் இரண்டு ஆம்பிளைகளும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். நடுவில் ஒரு சட்டி தண்ணீர். நானா துணியை நனைத்து இடது கையால் பிழியப் பார்த்தார், தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. கோணிப்போன வலது கையையும் சேர்த்துப் பிழிந்து பார்த்தார். முடியவில்லை.

முனியாண்டி கையை நீட்டி அந்தத் துணியை வாங்கினான். இறுக்கிப் பிழிந்து, மடித்து, அவர் கையில் திரும்பக் கொடுத்தான். அவர் அதைப் பையனின் நெற்றியில் போட்டார்.